போகுமிடம் சொல்லவும்

2046 ஜூலை 9, பர்கூர் மலை: வழிகாட்டிக் கருவி இல்லாதவருக்குக் காட்டு வாயில் திறக்காது.

முந்தைய நாள் மேயப்போன சினை எருமை திரும்பாததால், மாதேவன் புதுக் கருவியோடு வாயிலில் நின்றார்.

"எங்கே போகிறீர்கள்?" என்றது கருவி.

"கிளம்பறப்பவே எங்கன்னு கேக்குது. வெளங்குமா?" என்று மனைவி சிவம்மாவிடம் சலித்துக்கொண்டவர், "எருமை இருக்கற எடத்துக்கு" என்றார்.

"அப்படி ஓர் இடம் வரைபடத்தில் இல்லை."

"அது தெரிஞ்சா உன்ன எதுக்குத் தூக்கிட்டுத் திரியறேன்?"

"எதையாவது சொல்லித் தொலைங்க. கன்னு போட்டிருந்தா செந்நாய் விடாது" என்றாள் சிவம்மா.

"மேல்குட்டை" என்றார். வாயில் திறந்தது.

பாதி வழியில், இடப்புறச் சரிவில் எருமை கத்துவது கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், "வழி தவறிவிட்டீர்கள்" என்று கருவி ஓயாமல் அலறியது. அதைப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கினார்.

மாலையில் எருமையும் கன்றும் வீடு வந்தன. மாதேவன் வரவில்லை. மறுநாள் தேடுதல் குழு கருவியின் சமிக்ஞையைப் பின்பற்றி நேராகப் பாறைக்குப் போய், கருவியை எடுத்துவந்து சிவம்மாவிடம் கொடுத்தது.