பெட்டிக்குள் ஒரு லாரி

"இந்தக் காயலான்கடைச் சாமான்லயா என் லாரி இருக்கு?" மேசைக்கடியில் இருந்த பெட்டியைக் காலால் தட்டினார் ஆலை மேனேஜர்.

"காலை எடுங்க சார்," என்றாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி. "ஊர்ல தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரை எல்லாம் கழட்டி நானே செஞ்சது. எங்க தெருக்காரங்க போட்டோ, வீடியோ எல்லாம் நெட் வழியா இதுலதான் வந்து சேருது. அதையெல்லாம் சேத்து வைக்க மாச வாடகை கட்டி யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம் பாருங்க."

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லு."

"இருக்கு. உங்க லாரி கழிவுத் தண்ணியை வாய்க்கால்ல திறந்து விட்டது, பக்கத்துல நீங்க நின்னு கை காட்டினது, எல்லாம் கடைக் கேமராவுல பளிச்சுன்னு விழுந்திருக்கு."

வீடியோ வெளியே வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லித்தான் முதலாளி மேனேஜரை அனுப்பியிருந்தார்.

"நல்லபடியா கேக்கறேன். அழிச்சிடும்மா."

"அந்த வாய்க்கால்ல இறங்கின பிள்ளைங்க காலெல்லாம் புண்ணு. அதை முதல்ல நீங்க ஆத்துங்க. அப்புறம் நான் இதை அழிக்கறேன்."

இவளிடம் பேச்சு எடுபடாது என்று புரிந்துபோயிற்று. வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். வெளியே நின்ற தடியர்கள் இருவர் உள்ளே வந்து வயர்களைப் பிடுங்கினார்கள். குறுக்கே விழுந்தவளை ஒருவன் தள்ளிவிட்டான். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கவில்லை.

"பெட்டியைத் தூக்கிட்டா வாய்க்கால் சுத்தமாயிடுமா சார்?"

மேனேஜர் ஆலைக்குப் போய்த் தன் கையாலேயே சம்மட்டி எடுத்து அந்தப் பெட்டியை உடைத்தார். முதலாளிக்குத் தகவல் சொல்லிவிட்டு, நெஞ்சுப் பாரம் இறங்கின மாதிரி வீடு திரும்பினார்.

கூடத்தில் மனைவி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவருடைய லாரி. பக்கத்தில் அவர்.

"இது... இது எப்படி இங்கே?"

டிவி கனெக்‌ஷன் பெட்டி என்று இத்தனை நாளும் அவர் நினைத்திருந்த ஒன்றை அவள் தொட்டுக் காட்டினாள்.

"பழைய லேப்டாப்பை வச்சு அந்தக் கம்ப்யூட்டர் கடை அக்கா செஞ்சு கொடுத்தாங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்ல? நம்ம போட்டோ, வீடியோ அங்கே ஒரு காப்பி, அவங்க பெட்டியில இருக்கறது இங்கே ஒரு காப்பி. நெட் வழியா தானா வந்துடும்."

"அழிச்சிடு. இப்பவே அழிச்சிடு."

"காலையிலேயே செய்திச் சேனலுக்கு அனுப்பிட்டேங்க," என்றாள் அவள். "யார் அனுப்பறதுன்னு கேட்டாங்க. மேனேஜர் சம்சாரம்னு சொன்னேன்."