லிஃப்ட்டுக்குள் மணப்பெண்

“கரண்டு போனா அடுத்த நிமிஷம் ஜெனரேட்டர் தானா ஓடும்னு வாய் கிழியச் சொன்னியே, எங்கடா ஓடுது? எம் பொண்ணு உள்ள மூச்சு முட்டிக் கெடக்கா!”

குணவதி போட்ட சத்தத்தில் பாக்கார் ஆராங் கல்யாண மண்டபத்தின் இரண்டாம் மாடி அதிர்ந்தது. கட்டடத்தின் மின்சாரப் பொறுப்பாளன் காளிதாசன், கையில் டார்ச்சும் முகத்தில் வியர்வையுமாக லிஃப்ட் கதவருகே நின்றான்.

“ஆண்ட்டி, நேத்து நீங்கதானே சொன்னீங்க? ஞாயித்துக்கெழம காலையில அது டெஸ்ட்டுக்குத் தானா ஸ்டார்ட் ஆவும், அந்தச் சத்தம் நாதஸ்வரத்தோட சேந்து வீடியோவுல விழும், ஆஃப் பண்ணிப் போடுன்னு.”

குணவதி சொன்னது உண்மைதான். சுங்கைப்பட்டாணியில் எவள் வீட்டுக் கல்யாண வீடியோவிலும் இல்லாத சுத்தமான நாதஸ்வரம், தன் மகள் வீடியோவில் இருக்க வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவது குற்றமா?

“சரிடா, இப்ப போய் ஆன் பண்ணேன்,” என்றார் அவள் கணவர் தர்மலிங்கம்.

“ஜெனரேட்டர் ரூம் சாவி முதலாளிகிட்ட மாட்டிக்கிச்சு அங்கிள். கொண்டாந்துகிட்டு இருக்காரு லா.”

மணப்பெண் வாசுகி, நான்காம் மாடி அலங்கார அறையிலிருந்து தனியாகத்தான் லிஃப்ட்டில் வந்தாளாம். கூட நாலு பேர் ஏறினால் சேலை கசங்கும் என்று தோழிகளைப் படிவழி அனுப்பிவிட்டாள். ‘என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா’ என்று குணவதி பூரித்து முடிப்பதற்குள் கரண்டு போய்விட்டது.

மணமேடையில் மாப்பிள்ளை திவாகரன் பட்டு ஜிப்பாவுக்குள் வெந்துகொண்டிருந்தான். ஒன்பதரைக்குள் தாலி ஏறியாக வேண்டும். ஐயர் ஹோம வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதும் சம்பந்தியம்மாளைப் பார்ப்பதுமாக இருந்தார். நாதஸ்வரக்காரர்கள் மட்டும், கரண்டு தேவைப்படாத தொழில் என்பதால், நிம்மதியாக வாசித்தார்கள்.

“பொம்பாவுக்குப் போன் போடலாம் லா. வந்து கதவ ஒடச்சி எடுத்துடுவாங்க,” என்றார் தர்மலிங்கம்.

“அறிவிருக்கா உங்களுக்கு? நெருப்பணைக்கிற வண்டி வாசல்ல வந்து நின்னா, சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?”

தர்மலிங்கம் வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாள்முதல் உள்ள பழக்கம்.

சுவரில் இருந்த லிஃப்ட் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தான் காளிதாசன். கரண்டு இல்லாவிட்டாலும் அது பேட்டரியில் வேலை செய்யுமாம். “தைரியமா இருக்காங்க ஆண்ட்டி. காத்து வருதாம். யாரும் பயப்பட வேணாங்கிறாங்க.”

“இப்படிக் குடு, நான் பேசறேன்!”

“வேணாம் ஆண்ட்டி. உங்க கொரலக் கேட்டா அழுதுடுவாங்க. மேக்கப் கலைஞ்சிடும்.”

நீட்டிய கை பாதியில் நின்றது. அலோர் ஸ்டாரிலிருந்து ஆள் வரவழைத்து, விடியும் முன்பே போடத் தொடங்கிய மேக்கப் அது. “அழாம நிக்கச் சொல்லு. கண்ணுல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு,” என்றாள்.

“கண்ணுல கை வைக்காதீங்க,” என்று காளிதாசன் பணிவாக டெலிபோனில் சொன்னான்.

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சாம்பாரிலிருந்து சம்பந்திவரை குறை சொல்லித் தீர்ப்பெழுதும் குணவதி, பட்டுச்சேலையோடு லிஃப்ட் கதவின் முன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையால் அந்த இரும்பைத் தடவினாள்.

“சின்னப் புள்ளையில இருட்டுன்னா அலறுவாளே,” என்றாள் யாரிடமோ.

ஒன்பதரை தாண்டியது. ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் மாமன்மார் ஒவ்வொருவராக எழுந்து சட்டையை உதறினார்கள்.

காளிதாசனின் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவன், “சாவி வந்துடுச்சு,” என்று படியிறங்கி ஓடினான்.

சற்றைக்கெல்லாம் கீழே ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, கூட்டம் கைதட்டியது. மேலிருந்து லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கி வந்தது. குணவதி எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி. கைகளை விரித்துக்கொண்டு நின்ற குணவதியைத் தவிர அதில் யாரும் இல்லை.

“டேய்! எங்கடா எம் பொண்ணு?”

மூச்சிரைக்கப் படியேறி வந்த காளிதாசன், டார்ச்சை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“மெர்போக்குல, எங்க வீட்டுல. எங்கம்மா இந்நேரம் ஆரத்தி எடுத்திருப்பாங்க, அத்தை.”