இருபது அடி தூரம்

உயரச் சன்னலிலிருந்து இறங்கும் வெயில், நீதிபதியின் மேசைமேல் விரித்திருக்கும் வரைபடத்தில் விழுகிறது. ஆலை வாசலுக்கும் வருகை அட்டையைக் குத்தும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு. இருபது அடி தூரம். அந்தக் கோட்டின் பாதியில்தான், பின்னால் எடுத்த லாரி, இழப்பீடு கேட்டு மனுப் போட்டிருக்கும் பெண்ணின் கணவன்மேல் ஏறியது. கோடு போட்டவன் கை நடுங்கவே இல்லை, அவ்வளவு நேர்த்தி. பக்கத்தில் சட்டப் புத்தகம். ‘பணியில் இருக்கும்போது நேரும் விபத்து’ என்ற வரியைவிட்டு நீதிபதியின் விரல் நகரமாட்டேன் என்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. கண்ணாடியைக் கழற்றுகிறார். “வாசலைத் தாண்டினாலே வேலை தொடங்கிடுச்சுன்னு படிக்கத்தாம்மா எனக்கும் ஆசை. ஆனா அட்டை குத்தினப்புறம்தான் பணின்னு மேல் நீதிமன்றம் பொருள் சொல்லியாச்சு. அதை மீற எனக்கு அதிகாரம் இல்லை. மனு தள்ளுபடி.” தட்டச்சு சடசடத்து ஓய்கிறது. ஆலையின் வக்கீல்கூடத் தலை நிமிரவில்லை. கூண்டருகே நிற்கும் அவள், மேசை ஓரத்தில் இருக்கும் சாப்பாட்டு டப்பாவைப் பார்க்கிறாள். மூடி நசுங்கியிருக்கிறது, கைப்பிடியில் ‘சாட்சிப் பொருள் 3’ என்ற சீட்டு தொங்குகிறது. “அப்போ அன்னைக்கு அவரு வேலைக்கே போகலைங்களா ஐயா?” என்று கேட்கிறாள். “விடியறதுக்குள்ள எழுந்து நான்தானே இதைக் கட்டிக் கொடுத்தேன்?” இதையும் அடிக்க வேண்டுமா என்று தட்டச்சர் நீதிபதியைப் பார்க்கிறார். நீதிபதி டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.