கீழிமை

மலேசியாவில், ரவாங் பக்கத்துப் பள்ளி மண்டபத்தில் எடை பார்க்கும் வரிசை மெல்ல நகர்கிறது. அமராவதி தொழிற்சாலைச் சீருடையோடே வந்து நிற்கிறாள். அவள் கண் மகள் ரூபினியின் உதட்டோரத்தை விட்டு அகலவில்லை. அங்கே ஏதோ நொறுக்குத்தீனியின் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருக்கிறது. தம்பியுடைய பொட்டலத்தைத்தான் தின்றிருப்பாள். பத்து வயது ரூபினிக்கு ஐம்பத்தெட்டுக் கிலோ காட்டிய முள், எட்டு வயதுத் தம்பி யுவனேஸ்வரனுக்குப் பதினெட்டிலேயே நின்றுவிடுகிறது. ஒரே வீடு, ஒரே சட்டி. அமராவதி தாதியிடம் முறையிடுகிறாள். “இவன் பங்கையும் இவதான் முழுங்குறா மிஸி. பிஸ்கட் டின்ல நூல் கட்டி வச்சுக்கூடப் பாத்துட்டேன்.” தாதி நிமிர்கிறாள். “நூல் அறுந்துச்சா?” “இல்ல. கெட்டிக்காரி லா, அவுத்துத் தின்னுட்டுத் திரும்பக் கட்டியிருப்பா.” பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ரூபினி சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்கிறாள். “வீட்டுல என்னக்கா சமைப்பீங்க?” “ஓவர்டைம் மிஸி. காலைல ரொட்டி, ராத்திரிக்கு பாக்கெட் மீ, சுடுதண்ணி ஊத்துனா போதும்.” தாதி பையனின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்கிறாள், உள்ளே சோறு போல் வெளுத்திருக்கிறது. அடுத்து ரூபினியின் இமை. அதே வெளுப்பு. “ரெண்டு பேருக்குமே ரத்தம் பத்தலக்கா.” “இவளுக்குமா? இந்த உடம்புக்கா?” தாதி இருவர் அட்டையிலும் ‘சத்துக்குறைவு’ என்று எழுதுகிறாள். ரூபினி ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, தன் இமையைத் தானே இழுத்துப் பிடித்தபடி அம்மாவின் முன்னால் வந்து நிற்கிறாள். “நல்லாப் பாரும்மா.” அமராவதி குனிந்து பார்க்கிறாள். பார்த்த பிறகும் ரூபினி விரலை எடுக்கவில்லை.