அந்தப் புது ஊசி

நினைவில்லாமல் கிடந்த மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த தாய் மறுபடியும் கேட்டாள். "அந்தப் புது ஊசியைப் போட்டுத்தான் பாருங்களேன்."

டாக்டர் கையிலிருந்த மருத்துவக் குறிப்பை மூடினார். "நானூறு நோயாளிகளுக்குப் போட்டுப் பாத்துட்டாங்கம்மா. ஒருநாள்கூட ஆயுள் கூடலை. வாந்தியும் வலியும்தான் கூடுச்சு."

"என் பொண்ணு நானூத்தி ஒண்ணா இருந்துட்டுப் போகட்டுமே."

"உங்க பொண்ணை இன்னும் வதைக்கவா?"

"அந்த ஆராய்ச்சியே தப்பா இருந்தா? எழுதினவங்களுக்குப் பெத்த வயிறுன்னு ஒண்ணு இருந்திருக்குமா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதியவரிடம் படித்துத்தான் அவர் இந்தத் துறைக்கே வந்திருந்தார்.

"அதை எழுதினது நீங்கதான், மேடம்."

அவள் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு தடவை சரிபாத்தேன். தப்பே இல்லை," என்றாள் கடைசியில். "வலி தெரியாம இருக்க மட்டும் ஏதாவது குடுங்க."