நடுவில் ஒன்று

வெற்றிடக் கலத்தில் இருந்தவை இரண்டே மூலக்கூறுகள். ஆனால் அவற்றின் ஈர்ப்பு இளம் ஆய்வாளரான அவள் போட்ட கணக்கைவிட அதிகமாகவே வந்தது. மூலக்கூறுகளுக்கு இடையே தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பாற்றல் அறுபத்துநான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் தள்ளியிருக்கும் எதற்கும் அங்கே கை எட்டாது.

“கருவிக் கோளாறுன்னு எழுதும்மா. இல்லேன்னா அறிக்கையில உன் பேரு இருக்காது,” என்றார் தலைமை ஆய்வாளர்.

“கருவியைக் கழட்டி மாட்டிப் பாத்தாச்சு சார். அது மேல பழி போடாதீங்க.”

“அப்போ பேயா இழுக்குது?”

“யாரு இழுக்குறான்னு நான் கேக்கல சார். எவ்வளவுன்னுதான் கேக்குறேன்.”

அவர் கண்ணெதிரிலேயே, இரண்டுக்கும் நடுவே இன்னொரு மூலக்கூறு இருப்பதாகக் கணக்கில் வைத்தாள். கடைசித் தசமம் வரை விடை பொருந்தியது. நுண்ணோக்கியில் அப்போதும் இரண்டுதான் தெரிந்தன.

அறிக்கையில் முதலில் தன் பெயரை எழுதினாள். அதன் கீழே எழுதினாள்: கலத்தில் உள்ளவை மூன்று.