கிறீச்சிடும் கதவு

நாட்டு மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் திருநாவுக்கரசு, தம் வீட்டுச் சமையலறை அலமாரிகளை இன்று தம் திருக்கரத்தால் துடைத்தார். மகளின் பிரசவத்துக்கு மூன்றே மாதம் என்று மெல்போர்ன் போன மனைவி திலகவதி, பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் திரும்பவில்லை. அலைபேசியில் மேற்பார்வை செய்தாள். அணைக்கட்டு மதகுகளை அதட்டிய கை, அடுப்புக்கு மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கிடம் சோடா மாவும் எலுமிச்சையுமாகக் கெஞ்சியது. மிச்சமிருந்தது காப்பிப்பொடி வைக்கும் அலமாரிதான். அவள் இங்கிருந்தவரை, அந்தக் கதவு விடியலில் கிறீச்சிட்டால் காப்பி வரப்போகிறது என்று அர்த்தம். அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

“அதுக்கு எண்ணெய் விடுங்கன்னு வீடு கட்டின நாளா சொல்றேன். விட்டீங்களா?”

“விட்டாச்சு.”

சொல்லிக்கொண்டே திறந்தார். கிறீச்சிட்டது.

“இன்ஜினீயர் எண்ணெய் விட்ட லட்சணம் இங்க வரைக்கும் கேக்குது.”

மேடைமேல் எண்ணெய்க் கிண்ணம் தொடாமல் அப்படியே இருந்தது.

“இன்னொரு தடவை திறங்க,” என்றாள், குரலைத் தணித்து.

மூடிவிட்டுத் திறந்தார். உள்ளே காப்பிப்பொடி ஜாடி காலியாக இருந்தது.